பெயரை ஆர் மாத்தினது?

பள்ளிக்கூட மரங்களுக்குப் பெயர்ப்பலகை எண்டு நாப்பத்திரண்டு தகரம் எழுதினனான், அதில நாப்பத்தொண்டு சரியாம், ஒண்டு மட்டும் மாத்த வேணுமாம். சொன்னது என்ர தங்கச்சின்ர மகள், கம்பஸில தாவரவியல் படிக்கிறவள். லீவுக்கு வந்து நிண்ட நேரம் பள்ளிக்கூடத்துக்கு உள்ளால குறுக்கு வழியில போனவள், அந்த ஒரு தகரத்தைப் போனில படம் எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, உதின்ர பெயர் மாறிட்டுது" எண்டாள். பிழை எண்டு சொல்லேல்லை, மாறிட்டுது எண்டாள், எனக்கு அதுதான் கூட எரிச்சல். எழுத்துப்பிழை எண்டா என்ர பிழை, கொஞ்சம் தின்னர் போட்டுத் துடைச்சுப்போட்டுத் திருப்பி எழுதிவிடுவன். நான் சரியா எழுதி, அது காய்ஞ்சு, ரெண்டு மாரி மழை குடிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் கொப்பியில பாத்து எழுதினாப் பிறகு பெயர் தானா மாறினா அதுக்கு நான் என்ன செய்யிறது?

நான் போட் எழுதுறவன். பிளெக்ஸ் வந்தாப் பிறகு அந்தத் தொழில் படுத்திட்டுது, இப்ப கடையில போட்டோக்கொப்பி, ரீலோட், ஆராவது கேட்டா மோட்டர்சைக்கிள் நம்பர் பிளேட். அப்பிடி இருக்கேக்கதான் பள்ளிக்கூடத்தில மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கப் போறம் எண்டு விஞ்ஞான ரீச்சர் ஒரு லிஸ்ற்றோட வந்தவ. பாலை, வீரை, முதிரை, இலுப்பை, மருது, வேம்பு, பூவரசு எண்டு நாப்பத்தொண்டு மரம். கடைசியா ஒண்டு மரமே இல்லை, வாசல் இலுப்பையின்ர கவட்டுக்குள்ள குந்தியிருக்கிற ஒரு பன்னம், தமிழ்நாட்டில பெரணி எண்டுவினம். "அதுக்கும் ஒண்டு போடுங்கோ, பிள்ளையள் பாத்துக் கேக்குதுகள்" எண்டு ரீச்சர் சொன்னவ. தகரம் வெட்டி, ரெட் ஒக்சைட் அடிச்சு, வெள்ளை ரெண்டு கோட் குடுத்து, பச்சை எனாமலால எழுதினது. மற்ற எல்லாத்துக்கும் மேல தமிழ்ப் பெயர், கீழ லத்தீன் பெயர். இதுக்குத் தமிழ்ப் பெயர் லிஸ்ற்றில இல்லை. "பன்னம்" எண்டு சும்மா போட்டுவிட்டு கீழ டிரைனேரியா குவர்சிபோலியா எண்டு எழுதினனான். இருக்கிறதுக்குள்ள நீளமான பெயர் அதுதான், தகரத்துக்குள்ள அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா இந்தப் பெயரை வைச்சு, மருமகள் வந்து சொல்லுறதுக்கு முதலே நான் ஒரு சண்டை பிடிச்சிட்டன், பெரியப்பாவோட.

பெரியப்பான்ர மாமரம்

பெரியப்பான்ர வளவில கிணத்தடியோட ஒரு மாமரம் நிக்குது, அம்பலவி. யுத்தத்தில இடம்பெயர்ந்து 2010ல திரும்பி வரேக்க வீட்டில சுவர்தான் மிச்சம், மரம் மட்டும் ஒரு பக்கக் கொப்பு முறிஞ்சு நிண்டது. முறிஞ்ச இடத்துக்குக் கீழ, தண்டோட ஒட்டி அந்தப் பன்னம். மனிசர் இல்லாத வளவில நல்லா வளந்து, ஒரு பெரிய கடகத்தை மரத்தில கொழுவிவிட்ட மாதிரி. பெரியப்பாக்கு அது கண்ணுக்க குத்தின முள்ளு. அந்த மரம் ஒரு வருசம் காய்ச்சா ஒரு வருசம் காய்க்காது, காய்க்காத வருசம் எல்லாம் குற்றவாளி இந்தப் பன்னம்தான். "குருவிச்சை மரத்தை உறிஞ்சுது, கண்டியோ" எண்டுவார். அம்பலவி அப்பிடித்தான், ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் காய்க்கிறது மாமரத்தின்ர குணம் எண்டு சொன்னா அவர் கேக்கமாட்டார்.

குருவிச்சை எண்டா எங்கட ஆக்களுக்குத் தெரியாத சாமான் இல்லை. மாவில, பலாவில, முருங்கையில வரும், தடிச்ச இலை, செம்மஞ்சள் பூ, குருவி பழத்தைத் திண்டிட்டு ஒட்டுற கொட்டையைக் கொப்பில தேய்ச்சுவிட அதில இருந்து முளைச்சு மரத்துக்குள்ளயே வேரை இறக்கி மரத்தின்ர தண்ணியைக் குடிக்கும். அதை வெட்டத்தான் வேணும், கொப்போட சேத்து வெட்ட வேணும், அதில எனக்கும் பெரியப்பாக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை என்னெண்டா மரத்தில ஆர் இருந்தாலும் அவருக்கு அது குருவிச்சை. ஓர்கிட் இருந்தாலும் குருவிச்சை, பாசி தடிப்பாப் பிடிச்சாலும் குருவிச்சை.

போன வருசம் ஆவணியில, நல்ல கோடை, ஒரு நாள் விடிய நான் அங்க போகேக்க மனிசன் கொக்கத்தடியில கத்தியைக் கட்டிக்கொண்டு மரத்துக்குக் கீழ நிக்குது. நான் "பெரியப்பா, நில்லுங்கோ, உது குருவிச்சை இல்லை, உதுக்குப் பெயர் டிரைனேரியா, பள்ளிக்கூடத்தில தகரத்தில எழுதியிருக்கு, நான்தான் எழுதினது" எண்டு பெரிய வாத்தியார் மாதிரிச் சொன்னன். அவர் என்னை ஒருக்கா பாத்தார், மரத்தை ஒருக்கா பாத்தார், "ம்" எண்டார், அடுத்த இழுவையில பொத்தெண்டு கீழ விழுந்தது.

விழுந்ததைக் கிட்டப் பாத்தது அண்டைக்குத்தான். பச்சை இலை ஒண்டும் இல்லை, கோடை எண்டபடியா நீட்டு இலையளின்ர சோணை எல்லாம் கொட்டுண்டு, நடு நரம்பு மட்டும் ஈர்க்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்குது. ஆனா அடியில வேற ஒரு சாதி இலை, கபில நிறம், காய்ஞ்ச தேக்கிலை மாதிரிக் கரகரப்பு, என்ர முழங்கை நீளம், காம்பு எண்டு ஒண்டும் இல்லாம தண்டோட அப்படியே அணைச்சுக்கொண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டாப் பத்துப் பன்ரெண்டு. செத்த இலை. செத்தும் விழாது, அதுதான் அதின்ர வேலை, மாவிலைக் குப்பை, பறவை எச்சம், தூசி எல்லாத்தையும் அந்தக் கிண்ணத்துக்குள்ள பிடிச்சு வைச்சு உக்கப் பண்ணி எருவாக்கி, தன்ர வேரை அதுக்குள்ள விட்டுச் சாப்பிடும். நான் கையை உள்ளுக்க விட்டன், கறுத்த மண், ஆவணி வெயிலுக்குள்ளயும் ஈரம், ஒரு சிரட்டை அளவு அள்ளலாம். கையை எடுக்கிறதுக்கு முதலே எறும்பு முழங்கை வரைக்கும் ஏறிட்டுது. அந்த எறும்பும் சும்மா வந்ததில்லை, பச்சை இலை வளரேக்க அதில தேன் சுரக்குற சின்னச் சின்ன இடங்கள் இருக்கு, அதுக்கு வாறது. கிழங்கு எண்டு நாங்கள் சொல்லுற தண்டு, பெருவிரலை விட மொத்தம், முழுக்கக் கபில மயிர் மாதிரிச் செதில், தடவினா ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும்.

மரத்தில அது இருந்த இடத்தைப் பாத்தா, பட்டையில ஒரு கீறல் கூட இல்லை. குருவிச்சையைப் பிடுங்கினா மரத்துக்குள்ள வேர் போன இடம் முடிச்சாத் தெரியும். இது மேலால பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். நான் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினன், "பாருங்கோ, ஓட்டையே இல்லை". அவர் அதுக்கு, "அப்ப பெறுமதியான சாமான் எண்டுறாய்" எண்டு கேட்டுப்போட்டு ரெண்டு துண்டை எடுத்து உள்ளுக்க வைச்சிட்டார். ஏனெண்டா கனடாவில இருக்கிற மகன் யூரியூப்பில பாத்திருக்கிறான், கொல்லிமலையில இதை முடவாட்டுக்கால் எண்டு சொல்லி விக்கினமாம், தோலைச் சீவி மிளகு சீரகம் போட்டு சூப் வைச்சா முழங்கால் நோவுக்கு நல்லதாம். அஞ்சு நிமிசத்துக்கு முதல் குருவிச்சை, இப்ப மருந்து. பெரியம்மா சூப் வைச்சவ. நானும் குடிச்சன், மிளகுத் தண்ணி மாதிரித்தான் இருந்தது, முழங்காலைப் பற்றி ஒண்டும் சொல்ல ஏலாது.

இதுக்குப் பிறகுதான் மருமகள் வந்து பெயர் மாறிட்டுது எண்ட கதையைச் சொன்னவள், அதைத் தங்கச்சி போய்ப் பெரியம்மாட்டச் சொல்ல, அடுத்த நாள் பெரியப்பா கடைக்கே வந்திட்டார், போட்டோக்கொப்பி எடுக்க ஒண்டும் இல்லை, சும்மா. "என்னடா, பெயரே பிழையாம். ஆரெண்டே தெரியாததுக்கோ நீ பிணை நிண்டனி?" எண்டு கேட்டுச் சிரிச்சுப்போட்டுப் போனார். ரெண்டு நாள் எனக்கு வேலை ஓடேல்லை.

ஓக்கிலை ஓக்கிலை

கோவத்தில மருமகளைக் கூப்பிட்டு வைச்சுக் கேட்டன், ஆர் இந்தப் பெயர் வைக்கிறது, ஆர் மாத்துறது, மாத்திப்போட்டுப் போட் எழுதினவனுக்கு அறிவிக்க மாட்டினமோ எண்டு. அவள் சிரிச்சுப்போட்டு, "மாமா, இதோட மூண்டாவது பெயர்" எண்டாள்.

முதல் பெயர் வைச்சது லின்னேயஸ், 1753ல, பொலிபோடியம் குவர்சிபோலியம் எண்டு. அந்தக் காலத்தில கனக்கப் பன்னங்களை அவர் பொலிபோடியம் எண்ட ஒரே சாக்குக்குள்ள போட்டுக் கட்டினவர். மனிசன் இலங்கைப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை, ஆனா ஒல்லாந்தர் காலத்தில இங்க வைத்தியரா இருந்த ஹெர்மன் சேத்த காய்ஞ்ச செடியளை வைச்சு 1747ல இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினவர். பிறகு 1841ல ஜோன் ஸ்மித், லண்டன் கியூ தோட்டத்தில வேலை செய்தவர், இதுகளைப் பிரிச்சு டிரைனேரியா எண்டு தனிச் சாதியா ஆக்கினார். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில சாதி எண்டுதான் போட்டிருக்கும், சாதி, இனம். தமிழ்நாட்டில பேரினம், சிற்றினம் எண்டு எழுதுவினம். எங்கட ஆக்கள் செடிக்கும் சாதி பாத்துத்தான் ஓய்ஞ்சவை. குவர்சிபோலியம் குவர்சிபோலியா ஆனதுக்குக் காரணம் இலக்கணம், பொலிபோடியம் அஃறிணைப் பால், டிரைனேரியா பெண்பால், வந்தது எண்டதை வந்தாள் எண்டு மாத்துற மாதிரி.

டிரைனேரியா எண்டா கிரேக்கத்தில ஓக் மரத்தோட சேந்தது எண்ட கருத்தாம். குவர்சிபோலியா எண்டா லத்தீனில ஓக்கிலை. அந்தக் கபில இலை, விளிம்பு அலையலையா, ஓக்கிலை மாதிரி இருக்கிறபடியா ரெண்டு பேர் ரெண்டு பாசையில ஒரே விசயத்தைச் சொல்லியிருக்கினம். வன்னியில ஓக் மரத்தை ஆர் கண்டது? முல்லைத்தீவுப் பிள்ளையளுக்கு நான் ஓக்கிலை ஓக்கிலை எண்டு பச்சை எனாமலால எழுதி வைச்சிருக்கிறன், அதுவும் ஒரு இலுப்பை மரத்தடியில.

புதுப் பெயர் அக்லவோமோர்பா குவர்சிபோலியா. அக்லவோமோர்பா எண்டா வடிவான உருவம் எண்டு அர்த்தமாம். "எல்லாரும் மாத்தேல்லை மாமா, சிலர் இன்னும் டிரைனேரியா எண்டுதான் எழுதினம், சண்டை நடக்குது" எண்டாள். எனக்கு அதைக் கேக்க இன்னும் விசர் வந்தது. சண்டை முடியட்டும், முடிஞ்சாப் பிறகு வா எண்டன்.

மன்னார் ஆக்கள்

இதுக்குப் பிறகு அவள் செய்ததுதான் என்ர வாயை அடைச்சது. கடை பில் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, எங்கட குடும்பத்தைக் கீறத் தொடங்கினாள்.

எங்கட அம்மம்மாவும் பெரியம்மான்ர தாயும் உடன்பிறந்த சகோதரங்கள். பெரியம்மா மூத்த சகோதரின்ர மகள், என்ர அம்மா இளையவான்ர மகள். அம்மாவுக்கு ஒரு சொந்தத் தங்கச்சி இருக்கிறா, சின்னம்மா, மன்னாரில கட்டினவ, அவவின்ர பிள்ளையள் எல்லாம் கடல் தொழில், நெடுவலா வளந்த ஆக்கள், கதையும் வேற. நாங்கள் எங்கட குடும்பம் எண்டு சொல்லேக்க ஆரைச் சொல்லுறம்? பெரியப்பா வீடும் எங்கட வீடும். ஒரே ஊர், ஒரே வாய்க்கால் தண்ணி, வயல் விதைப்பும் அறுப்பும் ஒண்டா. சின்னம்மான்ர பிள்ளையளை "மன்னார் ஆக்கள்" எண்டுதான் சொல்லுறது, கலியாணத்துக்குக் காட் அடிச்சாலும் அவைக்குத் தனி லிஸ்ற்.

"இப்ப சொல்லுங்கோ மாமா, இரத்தத்தில உங்களுக்குக் கிட்ட ஆர்? சின்னம்மான்ர மகனோ, பெரியம்மான்ர மகனோ?"

சின்னம்மான்ர மகன்தான், அதில கேள்வியில்லை.

"அப்ப பெரியம்மான்ர மகனையும் உங்களையும் ஒரு குடும்பம் எண்டு போட்டுட்டு, ரெண்டு பேருக்கும் நடுவில நிக்கிற மன்னார் ஆக்களை வெளியில விட்டா அது என்ன குடும்பம்?"

டிரைனேரியாவுக்கும் நடந்தது இதுதானாம். அக்லவோமோர்பா எண்டது தென்கிழக்காசிய நாடுகள் பக்கம் கூட இருக்கிற வேற பன்னங்கள், அதுகளும் மரத்தில குந்தித்தான் இருக்கும், அதுகளும் குப்பை பிடிக்கும், ஆனா அதுக்கெண்டு தனி இலை இல்லை. ஒரே இலைதான், அடிப்பக்கம் அகண்டு கிண்ணம் மாதிரிக் கபிலமாகிக் குப்பையைப் பிடிக்கும், மேல்பக்கம் பச்சையா நிண்டு வெயிலில சாப்பாடு சமைக்கும். எங்கட மாமரத்துப் பன்னத்தில குப்பை பிடிக்கிறதுக்கு ஒரு இலை, சமைக்கிறதுக்கு ஒரு இலை. கண்ணால பாத்தா ரெண்டும் ரெண்டு சாதி எண்டுதான் ஆரும் சொல்லுவினம், 1985ல ஒல்லாந்து நாட்டு ரோஸ் எண்டவர் இந்தக் கூட்டத்தை முழுக்க ஆராய்ஞ்சு புத்தகம் எழுதேக்கயும் ரெண்டாத்தான் வைச்சவர். ஆனா 2005ல ஜான்சனும் ஷ்னைடரும் இந்தக் குப்பை பிடிக்கிற இலை எப்பிடி வந்தது எண்டு பாக்க வெளிக்கிட்டு, டிஎன்ஏயை எடுத்து ஒப்பிட்டா, சில டிரைனேரியாக்கள் மற்ற டிரைனேரியாக்களை விட அக்லவோமோர்பாவுக்குக் கிட்டச் சொந்தமா நிக்குது. உருவம் வேற எண்டு நாங்கள் தள்ளி வைச்ச மன்னார் ஆக்கள், உள்ளுக்கதான் நிக்கினம்.

அப்பிடியெண்டா ரெண்டு வழிதான். ஒண்டில் மன்னார் ஆக்களையும் சேத்து எல்லாரும் ஒரு குடும்பம், இல்லையெண்டா பெரியப்பா வீட்டைத் தனியாப் பிரிச்சு விட வேணும். எனக்கு ரெண்டாவது வழியில ஒரு ஆட்சேபனையும் இல்லை எண்டு சொன்னன். ஆனா கனபேர் முதல் வழியைத்தான் எடுத்திருக்கினம், சுமார் 30 இனத்தையும் ஒரே சாதிக்குள்ள போட்டு.

சேத்தா ஆற்ற பெயர்? அங்கதான் எனக்குத் திரும்பவும் பத்திக்கொண்டு வந்தது. டிரைனேரியா எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச பெயர், ஆப்பிரிக்காவில இருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் ஆக்கள் இருக்கினம், அந்தப் பெயரை விட்டுட்டு ஏன் மற்றது? காரணம், விதி. முதல் வைச்ச பெயர்தான் நிக்கும். ஷொட் எண்ட ஒஸ்திரிய நாட்டுக்காரர், வியன்னாவில ராசாவின்ர தோட்டம் பாத்தவர், அக்லவோமோர்பா எண்ட சாதிப் பெயரை 1836ல போட்டுட்டார். ஸ்மித் வந்தது 1841. அஞ்சு வருசம் பிந்திட்டார்.

இதில ஒரு கொடுமை என்னெண்டா, டிரைனேரியா எண்ட சொல் 1825லயே இருக்கு, போரி எண்ட பிரெஞ்சுக்காரர் வைச்சது. ஆனா அவர் அதைத் தனிச் சாதியா வைக்கேல்லை, பொலிபோடியத்துக்குள்ள ஒரு உட்பிரிவா வைச்சவர். உட்பிரிவா இருந்த காலம் கணக்கில வராதாம். நான் ஜீஎஸ், எங்கட கிராம அலுவலர், அவரிட்ட குடும்ப அட்டைக்கு அலைஞ்ச காலம் ஞாபகம் வந்தது. கலியாணம் கட்டி ஆறு வருசமா நான் மாமா வீட்டு அட்டையில ஒரு வரியாத்தான் இருந்தனான், தனி அட்டை எடுத்த திகதியில இருந்துதான் நான் ஒரு குடும்பம், அதுக்கு முதல் சமைச்சுத் திண்டதெல்லாம் கணக்கில்லை. அதால எனக்கு அந்த விதி உடன விளங்கிட்டுது, பிடிக்கேல்லை எண்டது வேற.

பெயர் மாத்துறது எப்பவும் சொந்தம் பாத்து மட்டும் நடக்கிறதில்லை எண்டும் ஒரு கதை சொன்னாள். சீனாவில முறிஞ்ச எலும்பை ஒட்டவைக்கிறது எண்ட கருத்தில ஒரு மருந்து இருக்கு, குசுய்பு எண்டு, அதுவும் இந்தச் சாதிப் பன்னத்தின்ர கிழங்குதான். அதை எல்லாரும் டிரைனேரியா போர்ச்சூனியை எண்டு எழுதிக்கொண்டு வந்தவை. பிறகு பாத்தா, போர்ச்சூனியை எண்ட பெயரை முதல் வைக்கேக்க கையில இருந்த காய்ஞ்ச மாதிரி இந்தப் பன்னமே இல்லையாம், வேற ஒரு பன்னம். ஆள் மாறாட்டம். அதால 1992ல ஜப்பான்காரர் நகைகே எண்டவர் அதுக்கு டிரைனேரியா ரோசியை எண்டு புதுப் பெயர் வைச்சார், நான் மேல சொன்ன அந்த ஒல்லாந்து ரோஸின்ர பெயரை. மருந்துக்கடையளில இன்னும் பழைய பெயர்தான் ஓடுதாம். அங்கயும் ஒரு போட் எழுதினவன் இருந்திருப்பான் பாவம்.

அண்டு பின்னேரம் நான் பில் புத்தகத்தைப் பாத்துக்கொண்டு கன நேரம் இருந்தனான். என்னை உறுத்தினது ஷொட்டும் ஸ்மித்தும் இல்லை. நான் பெரியப்பாவோட சண்டை பிடிச்சது, "மரத்தில இருக்கிறதெல்லாம் குருவிச்சை இல்லை, உருவத்தைப் பாத்து முடிவு கட்டாதேங்கோ" எண்டு. ஆனா நானும் உருவத்தைப் பாத்துத்தானே டிரைனேரியா வேற மற்றது வேற எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டனான், காரணம் நான் எழுதிப்போட்டன் எண்டது மட்டும்தான். பெரியப்பா தொல்லையை வைச்சுப் பிரிக்கிறார், மரத்துக்குக் கூடாதது எல்லாம் ஒரு சாதி. எனக்கு என்ர எனாமல்.

தமிழில என்ன பெயர்

போகேக்க மருமகள் ஒரு கேள்வியைப் போட்டுட்டுப் போனாள். "மாமா, லத்தீனை விடுங்கோ, குருவிச்சை எண்டு சொல்லக்கூடாது எண்டுறியள், அப்ப என்ன எண்டு சொல்லுறது?"

நான் விசாரிச்சன். உண்மையா விசாரிச்சன், கடைக்கு வாற வயசான ஆக்கள் எல்லாரிட்டயும் போனில படத்தைக் காட்டினன். காட்டுக்குத் தேனுக்குப் போற ஒராள் ஆத்தங்கரை மருதுகளில நிறையக் கிடக்கு எண்டார், பெயர் கேட்டா "அது மரத்தில இருக்கிறது" எண்டார். பள்ளிக்கூடத்தில படிச்ச ஆக்கள் பன்னம் எண்டினம், அது எல்லாப் பன்னத்துக்கும் பொது. தமிழ்நாட்டு யூரியூப் பாக்கிற ஆக்கள் முடவாட்டுக்கால். ஒரு ஆச்சி மட்டும் படத்தைக் கிட்டப் பிடிச்சு வடிவாப் பாத்திட்டு, "உது உங்கட பெரியப்பான்ர மாமரமெல்லே" எண்டா.

நாலு நாள் கழிச்சு மருமகள் வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய புத்தகத்தின்ர பக்கம், கறுப்பு மையில செப்புத்தகட்டுப் படம், அதே பன்னம், கபில இலை கீழ, நீட்டு இலை மேல, கிழங்கில மயிர் ஒவ்வொண்டாக் கீறியிருக்கு. ஹோர்துஸ் மலபாரிக்குஸ். கொச்சியில ஒல்லாந்தருக்கு அதிகாரியா இருந்த வான் ரீட் எண்டவர் செய்விச்சது, 1678ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்ரர்டாமில 12 தொகுதி, மருந்துச்செடி சொல்லிக்குடுத்த ஆக்களில ஒராள் இட்டி அச்சுதன் எண்ட மலையாள வைத்தியர். லின்னேயஸ் பிறந்தது 1707ல, இது அதுக்கும் முதல். படத்துக்குப் பெயர் போட்டிருக்கு: பன்ன கெலெங்கு மரவாரா.

நான் அதை ரெண்டு மூண்டு தரம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்தன். பன்னக் கிழங்கு மரவாழை. பன்னம் எண்ட சொல் எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில இருக்கிற அதே சொல், அந்த ஆக்கள் 300 வருசத்துக்கு முதலே வைச்சிருந்திருக்கினம். மரவாழை எண்டு மலையாளத்தில சொல்லுறது மரத்தில குந்தியிருக்கிற ஓர்கிட்டுகளை. பன்னம், கிழங்கிருக்கு, மரத்தில வாழுற கூட்டம் எண்டு மூண்டு சொல்லில ஆளை முழுக்கச் சொல்லியிருக்கினம். குருவிச்சைக்கு மலையாளத்தில இத்திள்க்கண்ணி எண்டு தனிப்பெயர், அதோட இதைக் குழப்பேல்லை. மரத்தில தங்கி இருக்கிறது வேற, மரத்தைத் திண்டு இருக்கிறது வேற எண்டது அவையின்ர பெயருக்குள்ளயே இருக்கு, நான் அதைச் சொல்லப் போய்த்தான் கிணத்தடியில நிண்டு பேச்சு வாங்கினன்.

பெரியப்பாட்ட படத்தைக் கொண்டுபோய்க் காட்டினன். கண்ணாடியைப் போட்டுக் கன நேரம் பாத்தார். "நல்லாக் கீறியிருக்கிறான்" எண்டார். பிறகு, "மரவாழை எண்டா குலை தள்ளுமோ?" அவரோட கதைக்கிறது அவ்வளவுதான். ஆனா வெட்டின இடத்தில மிச்சமிருந்த ஒரு துண்டுக் கிழங்கு ஐப்பசி மழைக்கு ரெண்டு பச்சை இலை விட்டிருக்கு, சுருள் விரிஞ்சும் விரியாமலும். கொக்கத்தடி இந்தமுறை கோழிக்கூட்டுக்கு மேலதான் கிடக்கு. நான் ஒண்டும் கேக்கேல்லை.

தகரத்தைக் கழட்டிக்கொண்டு வந்து கடையில வைச்சு முழுக்கத் திருப்பி வெள்ளை அடிச்சன். மேல பெரிய எழுத்தில மரப்பன்னம் எண்டு போட்டன், மரவாழை எண்டு போட்டாப் பிள்ளையள் பொத்தி தேடுங்கள். கீழ குவர்சிபோலியா எண்டு மட்டும் எழுதினன், அது 1753ல இருந்து வால் மட்டும்தான் மாறினது, டிரைனேரியா வந்தாலும் அக்லவோமோர்பா வந்தாலும் ரெண்டும் பெண்பால், இனி அதுக்கு ஆபத்தில்லை. அதுக்கு முன்னுக்கு ஒரு சாண் இடம் வெறுமையா விட்டிருக்கிறன். ரீச்சரிட்ட ஒரு வெண்கட்டிப் பெட்டி குடுத்திருக்கிறன், சண்டை எந்தப் பக்கம் போகுதெண்டு பாத்து அவ எழுதுவா, மழை வந்தா அழியும், திரும்ப எழுதுவா.

அதிபர் வந்து பாத்திட்டு, "தம்பி, முன்னுக்கு ஒரு சொல் விடுபட்டுப்போச்சு" எண்டார்.

"இல்லை சேர், அது இன்னும் காயேல்லை" எண்டன்.